அக்காவின் நீல மச்சமும் இட்டோ ஊர்க் கவிஞரும்

முதல் நாள்: சுமிதா ஆற்றங்கரை

யோகோஹாமாவில் மூன்று வார ஆபீஸ் பயிற்சி நேற்றோடு முடிந்தது. ஊர் திரும்பும் டிக்கெட்டை ஐந்து நாள் தள்ளிப் போட்டிருக்கிறேன். கூட வந்த இருவரும் ஃபுஜி மலை பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். நான் ஒரு தோல் டாக்டரைத் தேடிப் போகிறேன் என்றதும் ஒருவன், "என்னடா, அரிப்பா?" என்றான்.

அரிப்பு இல்லை, அக்கா. என் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே வலது கண்ணைச் சுற்றிக் கன்னம் வரைக்கும் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு திட்டு உண்டு. கண்ணின் வெள்ளையிலும் மசி தொட்டு வைத்தது போல ஒரு நீலம். "கிரகணத்தன்னைக்கு உங்கம்மா வாசல்ல வந்து நின்னா, அதான்" என்று அப்பத்தா கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அக்காவுக்குப் பத்தொன்பது வயதானபோது மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இது ஓட்டா நீவஸ். யார் மேலயும் தப்பு இல்ல, கிரகணமும் இல்ல" என்றார். அம்மாவுக்கு அது ஓட்டை என்று காதில் விழுந்து, "முகத்துல ஓட்டையா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, அவர் விளக்கியதும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பதினெட்டு பத்தொன்பது வருஷத்து அழுகை அது.

ஓட்டா என்பது ஒரு மனிதரின் பெயர் என்று எனக்குத் தெரிந்ததே ரொம்ப நாள் கழித்துத்தான். ஓட்டா மசாவோ. 1885-இல் பிறந்தவர், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தோல் நோய்ப் பேராசிரியராக இருந்தவர், இந்த மச்சத்தைத் தனி நோய்க்குறியாகப் பிரித்து 1930-களின் கடைசியில் எழுதி வைத்தவர். அதே ஆளுக்கு கினோஷிதா மோகுதாரோ என்று இன்னொரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில் அவர் ஜப்பானியக் கவிதையில் ஒரு முக்கியமான புள்ளி என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. ஜப்பானில் இலக்கியம் படித்தவர்களிடம் ஓட்டா என்றால் விழிக்கிறார்கள், மோகுதாரோ என்றால் உடனே முகம் மலர்கிறது. டாக்டர்களிடம் கேட்டால் தலைகீழாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இன்றைக்கு எய்தாய் பாலம். சுமிதா ஆற்றின் மேல் நீல வண்ணம் அடித்த, பெரிய வளைவுள்ள இரும்புப் பாலம். இந்தக் கரையோரம்தான் 1908 கடைசியில் மோகுதாரோவும் நண்பர்களும் 'பான் சங்கம்' என்று ஒரு கூட்டம் தொடங்கினார்கள். கவிஞர்களும் ஓவியர்களும் சேர்ந்து குடிப்பது, பாடுவது, சுமிதாவை பாரிஸின் செய்ன் நதியாக நினைத்துக்கொள்வது. இதற்கென்று ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் உணவகமாகத் தேடி அலைந்த ஆள் மருத்துவ மாணவரான இவர்தான். அப்படிக் கூடிய இடங்களில் ஒன்று இந்தப் பாலத்தடியில் இருந்த எய்தாய்-தேய். பான் என்பது ஆட்டுக்கால் கொண்ட கிரேக்கத் தேவன். ஆனால் ஜப்பானிய மொழியில் பான் என்றால் ரொட்டியும்தான், அதனால் இது ஏதோ பசித்தவர்களைத் திரட்டும் சோஷலிஸ்ட் கூட்டம் என்று நினைத்து போலீஸ்காரர்கள் வேவு பார்க்க வந்ததாக ஒரு கதை சொல்வார்கள். போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல் அது. யாழ்ப்பாணத்து நண்பன் கடையில் "ஒரு றாத்தல் பாண்" என்று கேட்பானே, அதே சொல்தான். அதே கப்பல்காரர்கள் இரண்டு கரையிலும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பாலத்தைப் பற்றி இன்னொன்று. மோகுதாரோவின் அண்ணன் ஓட்டா என்ஸோ ஒரு பொறியாளர். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் டோக்கியோ நொறுங்கி எரிந்த பிறகு, நகரத்தை மறுபடி கட்டும் அரசுத் துறையில் சாலை, பாலம் எல்லாவற்றுக்கும் தலைமைப் பொறுப்பு அவருக்கு. சுமிதாவின் புதுப் பாலங்கள் அவர் காலத்தில் திட்டமிட்டவை. துறையில் ஊழல் புகார்கள் கிளம்பிய நேரத்தில், 1926 மார்ச்சில் அவர் தற்கொலை செய்துகொண்டார். இந்த எய்தாய் பாலம் திறந்தது அதே வருஷம் டிசம்பரில். தம்பி இருபது சொச்சம் வயதில் குடித்துப் பாடிய இடத்தின் மேலேயே அண்ணனின் பாலம் நிற்கிறது. நான் நடுப்பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து ஒதுங்கச் சொன்னார்.

இரண்டாம் நாள்: ஹோங்கோ, ஜிம்போச்சோ

காலையில் பல்கலைக்கழகம். புகழ்பெற்ற சிவப்பு வாசல் பூட்டியிருக்கிறது, நிலநடுக்கம் வந்தால் தாங்குமா என்ற சந்தேகத்தில் சில வருஷமாகவே அடைத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்து வழியாக உள்ளே போனால் கிங்கோ மரச் சாலை, இளம் பச்சையாகத் துளிர்த்திருந்தது. மருத்துவமனைப் பக்கம் ஒரு சுற்று சுற்றினேன். பார்க்க ஒன்றும் இல்லை, எல்லா ஊர் ஆஸ்பத்திரி போலவே பார்க்கிங் பிரச்சினை.

மோகுதாரோ ஓவியனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. (நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறது, டாக்டர் ஆன பிறகு படம் போடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.) மருத்துவம் சேர்ந்தார், வீட்டுக்குத் தெரியாமல் எழுதப் புனைபெயர் வைத்துக்கொண்டார். கினோஷிதா என்றால் மரத்தடி. 1911-இல் படிப்பு முடிந்ததும் எந்தத் துறைக்குப் போவது என்ற குழப்பத்தில் மோரி ஓகாயிடம் போய் யோசனை கேட்கிறார். ஓகாய் ராணுவத்தின் பெரிய மருத்துவர், அதே சமயம் அந்தக் காலத்தின் பெரிய எழுத்தாளர். ஆக, இரண்டு குதிரையில் சவாரி செய்ய முடியுமா என்று கேட்பதற்குச் சரியான ஆள். தோல் மருத்துவம் முடிவானது அதன் பிறகுதான்.

ஓவியன் ஆக முடியாதவனுக்கு இதைவிடப் பொருத்தமான துறை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இதயமும் ஈரலும் உள்ளே மறைந்து கிடக்கும், தோலைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். நிறம், விளிம்பு, மேடு, பள்ளம். அவருடைய ஆசிரியர் தோஹி கெய்ஸோ, நோய்ப்பட்ட தோலை மெழுகில் வார்த்து அச்சு அசலாக வண்ணம் தீட்டும் வித்தையை வியன்னாவிலிருந்து கொண்டுவந்தவர். இந்தப் பையன் அந்த அறையில் எத்தனை மணி நேரம் நின்றிருப்பான்!

அக்காவின் மச்சத்துக்கு வருகிறேன். சாதாரண மச்சத்தில் நிறமி தோலின் மேற்பக்கம் இருப்பதால் பழுப்பாகத் தெரியும். இதில் நிறமிச் செல்கள் தோலின் ஆழத்தில் தங்கிவிடுகின்றன. அங்கிருக்கும் பழுப்பு, மேலே உள்ள தோலைக் கடந்து வரும்போது ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது, வானம் நீலமாகத் தெரிகிற மாதிரி. முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பின் மேல்பக்கத்து இரண்டு கிளைகள் எங்கே பரவுகின்றனவோ அந்த இடத்தில்தான் வரும், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். ஆசியர்களிடம் அதிகம், அதிலும் பெண்களுக்கு. அவர் வைத்த லத்தீன் பெயரைத் தமிழில் சொன்னால் 'கண்-மேல்தாடைப் பழுப்புநீல மச்சம்' என்று வரும். பழுப்பு நீலம்! கறுப்பு, சாம்பல் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இதை அக்காவுக்கு அனுப்பினேன். "பழுப்புநீலம்னு ஒரு புடவை இருந்தா வாங்கிட்டு வா" என்று பதில் வந்தது.

அப்புறம் ஜிம்போச்சோ. பழைய புத்தகக் கடைத் தெரு, மூர் மார்க்கெட் இருந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்களே, அதை ஒரு தெருவாக நீட்டிவிட்ட மாதிரி. எனக்கு ஜப்பானிய எழுத்து அரைகுறை. போனில் பெயரை எழுதிக் காட்டினேன். மூன்றாவது கடையில் ஒரு முதியவர் ஏணி போட்டு ஏறி, கையடக்கமான ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மோகுதாரோ வரைந்த 'ஹ்யக்காஃபு' செடி ஓவியங்களில் நூறு மட்டும் தேர்ந்தெடுத்த தொகுப்பு. நூறு மலர் ஏடு என்று சொல்லலாம். மொத்த ஓவியங்கள் 872. அதைப் பற்றி நாளைக்கு, இப்போது கால் வலிக்கிறது.

மூன்றாம் நாள்: இட்டோ

டோக்கியோவிலிருந்து அதாமி, அங்கே ரயில் மாறி கடலோரமாக இட்டோ. மாறும் இடத்தில் தவறான பிளாட்பாரத்தில் நின்று ஒரு ரயிலை விட்டேன், தப்பு முழுக்க என்னுடையது. அடுத்ததில் ஜன்னல் சீட் கிடைத்தது, வழியெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம், குகைப்பாதை, ஒரு கீற்று கடல், மறுபடி குகைப்பாதை.

இட்டோ ஒரு வெந்நீர் ஊற்று ஊர். அவர் பிறந்த வீடு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான், இப்போது நகராட்சியின் நினைவகம். முன்னால் தெருவைப் பார்த்துக் கடை, பின்னால் வீடு. பின்கட்டு 1835-இல் கட்டியது. வியாபாரக் குடும்பம், கடைப் பெயர் கோமெசோ. ஏழு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி, அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் பழைய மரமும் பாயும் கலந்த வாசனை, அப்படியே காரைக்குடியில் எங்கள் பெரிய வீட்டுப் பின்கட்டு ஞாபகம் வந்தது. அங்கே பாய்க்குப் பதில் வௌவால் புழுக்கை வாசனை.

நான் ஒருவன்தான் பார்வையாளன். டிக்கெட் கொடுத்த அம்மா எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா என்றதும், டாக்டரா என்று கேட்டார். இல்லை, அக்காவுக்கு அந்த மச்சம் இருக்கிறது என்று கையால் கண்ணைச் சுற்றிக் காட்டினேன். அவர் குனிந்து வணங்கினார். எதற்கு வணங்கினார் என்று புரியாமல் நானும் வணங்கினேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவற்றில் என்னை நிறுத்தி வைத்தது 'ஐந்து ஜோடி ஷூக்கள்' பற்றிய பகுதிதான். 1907 கோடையில் ஐந்து பேர் கியூஷூ தீவுக்குக் கிளம்புகிறார்கள். குழுவுக்குப் பெரியவர் கவிஞர் யொசானோ டெக்கான், மற்ற நால்வரும் மாணவர்கள்: கிதாஹாரா ஹகுஷூ, ஹிரானோ பன்ரி, யோஷீ இசாமு, அப்புறம் நம் ஆள். பயணத்தை டோக்கியோ செய்தித்தாள் ஒன்றுக்குத் தவணை தவணையாக எழுதி அனுப்புகிறார்கள், 29 பகுதிகள், எதை யார் எழுதியது என்று பெயர் போடாமல். அமாகுசா தீவில் ஒரே நாளில் ஏறக்குறைய 32 கிலோமீட்டர் நடந்து ஒயே என்ற சிற்றூருக்குப் போய் அங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கார்னியேயைப் பார்த்திருக்கிறார்கள். அவர் அந்த ஊர்க் கொச்சையிலேயே பேசினாராம். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள், போர்ச்சுக்கீசியக் கப்பல்கள், கண்ணாடிக் கோப்பை, வெளிநாட்டுச் சொற்கள் என்று அந்தப் பயணத்தில் அள்ளி வந்ததை வைத்துத்தான் ஹகுஷூவும் மோகுதாரோவும் அடுத்த சில வருஷம் கவிதை எழுதினார்கள். திரும்பி வந்த பிறகு போகிற போக்கில் விட்டுவிடாமல், பிற்காலத்தில் அந்த மிஷனரி வரலாற்றையே உட்கார்ந்து ஆராய்ந்தது மோகுதாரோ மட்டும். கண்ணில் பட்டதை விடமாட்டார் போலிருக்கிறது. நானும் தினமும் ஒரு தவணை எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு 32 கிலோமீட்டர் நடக்கும் தெம்பு கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அந்த 872. 1943 மார்ச் 10-ஆம் தேதி தொடங்குகிறார். போர்க்காலம், வயது ஐம்பத்தெட்டை நெருங்குகிறது, பகலெல்லாம் ஆஸ்பத்திரி, வகுப்பு. கையில் கிடைக்கும் செடி ஒன்றை எடுத்து, கோடு போட்ட சாதாரண எழுது தாளில், அந்தக் கோடுகளின் மேலேயே வரைந்து வண்ணம் தீட்டுகிறார். ஓரத்தில் தேதி, செடியின் பெயர், சில சமயம் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒன்றிரண்டு வரி. பூ என்று பெயர்தான், பலவும் களைச்செடிகள், காய்கள், ஒரு காய்ந்த இலை. அழகாக இருக்கவேண்டும் என்று எதையும் திருத்தவில்லை. பூச்சி அரித்த இலை என்றால் அரித்த ஓட்டையோடு இருக்கிறது. நோயாளியின் தோலில் படை எப்படிப் பரவியிருக்கிறது என்று குறிப்பெடுக்கும் கை இது என்று பார்த்ததும் தெரிகிறது.

கடைசித் தாள் 1945 ஜூலை 27. யாமாயுரி, மலை அல்லி என்று சொல்லலாமா, வெள்ளை இதழில் மஞ்சள் கோடும் புள்ளியும். ஆபீஸில் எனக்குப் பயிற்சி கொடுத்தவரிடம் அந்தப் பக்கத்தை நேற்று இரவே போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். கையெழுத்து அவருக்கே கஷ்டமாக இருந்ததாம், ஆனால் ஒப்பேற்றி அனுப்பினார்: வயிற்றுவலி இன்னும் விடவில்லை, வீட்டில் படுத்திருக்கிறேன், இரண்டு பேர் இந்தப் பூவைக் கொண்டுவந்தார்கள், பிறகு வரைந்தேன் என்கிற மாதிரி. அது வெறும் வயிற்றுவலி இல்லை, இரைப்பைப் புற்றுநோய். ஆகஸ்ட் 15-இல் போர் முடிந்தது. சரியாக இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 15-இல், அறுபது வயதில் அவர் இறந்தார்.

நான்காம் நாள்: இட்டோ, காலை

விடுதியில் வெந்நீர்க் குளியல், தோல் சுருங்கும் வரை கிடந்தேன். பிறகு மேட்டில் இருக்கும் பூங்காவில் அவருடைய கவிதைக் கல்லைப் பார்க்க ஏறினேன். பழைய நண்பர்களெல்லாம் தூரமாகிவிட்டார்கள் என்று தொடங்கி, மார்ச்சில் இந்தப் பூ, ஏப்ரலில் இந்தப் பூ, மே மாதம் இந்தப் பூ என்று போகும் கவிதை. ஆற்றங்கரையில் சேர்ந்து குடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சிதறிய பிறகு எழுதியது என்று நினைத்துக்கொண்டு படித்தால் தொண்டை கொஞ்சம் அடைக்கிறது.

அதில் ஏப்ரலுக்கு வரும் பூ சுகன்போ. காட்டுச் செடி, சிவந்த சின்னப் பூங்கொத்து, தண்டை மென்றால் புளிக்கும். அகராதியில் தேடினால் நம் சுக்கான் கீரையின் நெருங்கிய உறவு! சுகன்போ, சுக்கான். இதை வைத்து யாரும் மொழியாராய்ச்சிக்குக் கிளம்பிவிடாதீர்கள், தற்செயல்தான். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 1945-இல், சாப்பாட்டுக்கே பஞ்சமான நேரத்தில், அவர் இந்தச் செடியைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார், இட்டோவில் சின்னப் பையனாக இதைப் பிடுங்கித் தின்றதை நினைத்து. பூங்காவிலிருந்து இறங்கும்போது வேலியோரம் அதே போல ஒன்று நின்றது. கிள்ளி வாயில் போட்டேன். புளித்தது. அதுதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஐந்தாம் நாள்: டோக்கியோ, மழை

இன்று அவர் அடக்கம் செய்யப்பட்ட தாமா கல்லறைத் தோட்டத்துக்குப் போவதாக இருந்தேன். காலையிலிருந்து ஊற்றுகிறது, எனக்கும் சளி பிடித்திருக்கிறது. போகவில்லை. அறையில் உட்கார்ந்து விட்டுப்போனதை எழுதுகிறேன்.

1916-இலிருந்து 1920 வரை மஞ்சூரியாவில் முக்தென் நகரத்தில் மருத்துவப் பேராசிரியர். 1920-இல் ஓவிய நண்பர் ஒருவரோடு சீனாவின் யுன்காங் குகைகளுக்குப் போய் புத்தர் சிலைகளை வரைந்து, ஒரு புத்தகமும் போட்டிருக்கிறார்கள். 1921-இல் ஐரோப்பா கிளம்பி, பாரிஸில் பூஞ்சைகளைப் படிக்கிறார். தோலிலும் தலைமுடியிலும் வளரும் பூஞ்சைகளுக்கு இவரும் மொரீஸ் லான்ஜெரோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் சேர்ந்து 1923-இல் ஒரு வகைப்பாடு வெளியிட்டார்கள். குழந்தைகளின் தலையில் படை உண்டாக்கும் ஒரு பூஞ்சையின் அறிவியல் பெயருக்குப் பின்னால் இன்றைக்கும் ஓட்டா என்று இருக்கிறது. 1941-இல் பிரெஞ்சு அரசு விருது கொடுத்தது. இந்த நோயைத் தமிழில் என்னவென்று சொல்கிறோம்? படர்தாமரை. அவருக்கு இந்தப் பெயரை யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு ரசித்திருப்பார் என்று நேற்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் மச்சத்தையும் பூஞ்சையையும் விட அவர் அதிகம் போராடியது தொழுநோயோடு. ஜப்பானில் 1907-இல் ஒரு சட்டம், 1931-இல் இன்னும் கடுமையான ஒன்று, நோயாளி என்றால் பிடித்துக்கொண்டுபோய் வாழ்நாள் முழுக்க விடுதியில் அடைப்பது. மாகாணங்கள் போட்டி போட்டுக்கொண்டு 'எங்கள் மாகாணத்தில் தொழுநோயே இல்லை' என்று காட்ட ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த காலம். பெரிய பெரிய டாக்டர்களே முன்னால் நின்று செய்தார்கள். இவர் அடைத்து வைப்பது வழியல்ல, மருந்து கண்டுபிடிப்பதுதான் வழி என்று சொன்னார். அந்தக் கிருமியை விலங்குகளில் வளர்த்துப் பார்க்க வருஷக்கணக்கில் முயன்றார், முடியவில்லை. (அது ஒருவழியாக அர்மடில்லோவில் வளர்ந்தது 1971-இல்.) 1940-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ப்ரோமின் என்ற மருந்து வேலை செய்வது தெரிந்துவிட்டது. போர் நடுவில் இருந்ததால் ஜப்பானிய நோயாளிகளுக்கு அது கிடைத்தபோது இவர் உயிரோடு இல்லை. சரி, மருந்துதான் வந்துவிட்டதே, கதவைத் திறந்தார்களா என்றால், அடைத்து வைக்கும் சட்டத்தை ரத்து செய்தது 1996-இல். இவர் இறந்து ஐம்பத்தொரு வருஷம் கழித்து. இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன், கோபம்தான் வந்தது.

மாலையில் அக்கா கூப்பிட்டாள். லேசர் போட்டால் இந்த மச்சம் நன்றாகவே மங்கும், அவளும் சென்னையில் மூன்று தடவை போட்டாள், பாதி மங்கியதும் போதும் என்று நிறுத்திக்கொண்டாள். "அந்த எண்ணூத்திச் சொச்சம் படத்துல இந்த மச்சம் மாதிரி ஏதாவது இருக்கா பாரு" என்றாள். எல்லாம் செடிதான் அக்கா என்றேன். "அந்த அல்லிப் பூவுல புள்ளி புள்ளியா இருக்குன்னு எழுதியிருந்தியே" என்று விடவில்லை. அம்மா போனைப் பிடுங்கி, அந்த டாக்டர் கிரகணத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்லாத் தேடிப் பாத்தியா?" என்றாள்.

நாளைக் காலை விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது. புத்தகத்தை மட்டும் கைப்பையில் வைத்திருக்கிறேன், பழுப்புநீலத்தில் புடவை எதுவும் கிடைக்கவில்லை.